ஒரே பூட்டில் இரண்டு பேர்

மார்ச் 4

அன்புள்ள அக்கா,

போனை நீ எடுப்பதில்லை. வேறு நம்பரிலிருந்து கூப்பிட்டாலும் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். அதனால் கடிதம். கோபம் வந்தால் பாதியில் மூடி வை. மறுநாள் மீதியைப் படிக்கலாம்.

நான் இங்கே வந்து ஏழு வாரம் ஆகிறது. ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை. தரைக்குக் கீழே நீளமான அறை, ஜன்னல் கிடையாது. படுக்கை விரிப்புகளும் ஆபரேஷன் அங்கிகளும் தள்ளுவண்டியில் வந்து குவியும். ஈர விரிப்பின் ஒரு முனையை நானும் மறு முனையை எதிரே நிற்பவரும் பிடித்துச் சூடான இஸ்திரி உருளைக்குள் விட வேண்டும். எதிரே நிற்பவர் நாள் முழுக்கப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். எனக்கு அது வசதியாகத்தான் இருக்கிறது.

மேல் மாடிகளில் வேலை வந்தால் படியில் ஏறுகிறேன். பத்து வருஷம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்தவன் இப்போது லிஃப்டைக் கண்டால் சுவரோடு ஒட்டிக்கொண்டு நடக்கிறேன். காரணம் தெரியாமல் இங்கே எனக்கு 'படிக்கட்டு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவும் பழகிவிட்டது.

சுண்டு எப்படி இருக்கிறாள்? சாப்பிடுகிறாளா? பள்ளிக்கூடம் ஒழுங்காகப் போகிறாளா? அத்தானைப் பற்றி எழுத உட்கார்ந்தால் கை வரவில்லை. மூன்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

ஒரு விஷயம். மாடிப்படிக்குக் கீழே சுண்டுவின் சைக்கிள் நிற்குமே, அதைப் பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிடு. பிரேக்கும் சரியில்லை, செயினும் துரு. நான் புதுசு ஒன்று அனுப்புகிறேன்.

உன் தம்பி


மார்ச் 19

தம்பிக்கு,

'அன்புள்ள' போடவில்லை. கவனித்திருப்பாய்.

அவர் போய் நாலு மாதம் கழித்து எழுதுகிறாய், எழுதுவது சைக்கிளைப் பற்றி. என் புருஷனைப் பற்றி எழுதக் கை வரவில்லையாம். விசாரணையில் மட்டும் வாய் நன்றாக வந்ததே! மூன்று அதிகாரிகள் முன்னால் நின்று, "அவர் பூட்டு போடலை சார்" என்றாய். பின்வரிசையில் நான் உட்கார்ந்திருந்தேன். அதற்கு மேல் கேட்க முடியாமல் எழுந்து வந்துவிட்டேன்.

உன் அத்தான் எப்படிப்பட்ட ஆள் என்று உனக்குத் தெரியாதா? படுக்கும் முன் காஸை மூன்று தரம் பார்ப்பார். பச்சை விளக்கு விழுந்த பிறகும் இரண்டு பக்கமும் பார்த்துத்தான் ரோட்டைக் கடப்பார். அவருக்காகக் காத்திருந்தே நான் எத்தனை பஸ்ஸைக் கோட்டைவிட்டிருக்கிறேன்! அந்த மனுஷனா பூட்டு போடாமல் லிஃப்ட் குழிக்குள் இறங்குவார்? செத்தவர் எழுந்து வந்து இல்லையென்று சொல்லப்போவதில்லை என்ற தைரியம் உனக்கு.

எனக்கு உங்கள் லிஃப்ட் கம்பெனியிலேயே வேலை கொடுத்திருக்கிறார்கள். புகார் அறையில், போன் முன்னால். யாராவது லிஃப்டில் மாட்டிக்கொண்டால் அந்த போன் என்னிடம்தான் வரும். "பயப்படாதீங்க, ஆள் கிளம்பியாச்சு" என்று சொல்ல வேண்டும். முதல் நாள் அதைச் சொல்லும்போது, கிளம்பிய ஆள் இவராக இருந்தால் எப்படியிருக்கும் என்று நினைத்து நாக்கு ஒட்டிக்கொண்டது. இப்போது சொல்ல வருகிறது.

இன்னொரு வேலையும் உண்டு. குழிக்குள் இறங்குமுன் மெக்கானிக் எனக்குப் போன் பண்ணித் தன் பூட்டு நம்பரைச் சொல்ல வேண்டும். நான் எழுதிக்கொண்ட பிறகுதான் இறங்கலாம். உன் புண்ணியத்தில் வந்த புதுச் சட்டம்.

சைக்கிளை எடுக்க மாட்டேன். அவர் தோளில் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தது.

இனி எழுதாதே. எழுதினால் படித்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.


ஏப்ரல் 2

அன்புள்ள அக்கா,

எழுதாதே என்றாய். படித்துவிடுவேனோ என்று பயம் என்றும் எழுதியிருந்தாய். அந்தக் கடைசி வரியைப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன்.

அவர் பூட்டு போடவில்லை என்றது பொய் இல்லை. அதற்கு அடுத்து நான் சொன்னதைக் கேட்காமல் நீ எழுந்து போய்விட்டாய். இப்போது சொல்கிறேன், முழுசாகப் படி.

யார் குழிக்குள் இறங்கினாலும், மேலே மெஷின் ரூமில் மெயின் சுவிட்சை அணைத்து அதன் கைப்பிடியில் தன் பூட்டைப் போட வேண்டும். இரண்டு பேர் என்றால் இரண்டு பூட்டு. ஒருத்தன் பூட்டை இன்னொருத்தன் தொடக் கூடாது. வேலை முடிந்து வெளியே வந்தவன் தன்னுடையதை எடுப்பான். எல்லாப் பூட்டும் போன பிறகுதான் சுவிட்ச் நகரும். அத்தானுடையது பதினேழு, என்னுடையது இருபத்து மூன்று.

அன்றைக்குக் காலையில் அத்தான் பையைக் கவிழ்த்துப் போட்டுத் தேடினார். பூட்டு இல்லை. "எங்க போச்சுன்னே தெரியலடா. இன்னிக்கு உன் பூட்டுதான் நம்ம ரெண்டு பேருக்கும்" என்றார். வேறு யாராவது அப்படிச் சொல்லியிருந்தால், "போய் எடுத்துட்டு வாய்யா" என்று துரத்தியிருப்பேன். அவரும் வேறு யாரிடமும் அப்படிக் கேட்டிருக்க மாட்டார். அக்கா புருஷன், மச்சான், நமக்குள் என்ன என்று இருந்துவிட்டோம்.

மதியம் மேலே என் வேலை முடிந்தது. அவர் கீழே இருந்தார். என் கை பழக்கத்தில் போய் என் பூட்டைத் திறந்தது. அதை எடுத்துவிட்டால் நான் வெளியே வந்துவிட்டேன் என்று அர்த்தம். பத்து வருஷமாக அதற்கு வேறு அர்த்தம் இருந்ததில்லை. சுவிட்சில் வேறு பூட்டு எதுவும் தொங்கவில்லை. சுவிட்சை மேலே தள்ளிவிட்டேன். தள்ளிய பிறகுதான் ஞாபகம் வந்தது. உடனே அணைத்தேன். அதற்குள் லிஃப்ட் கீழே இறங்கி எல்லாம் முடிந்துவிட்டது அக்கா.

தள்ளுமுன் ஒரு தரம் "அத்தான்" என்று கத்தியிருந்தால் போதும். இங்கே யாருமில்லாதபோது இப்போதும் கத்திப் பார்க்கிறேன். விசாரணையில் இதையும் சொன்னேன். வேலையை அவர்கள் எடுக்கவில்லை, நானேதான் விட்டேன்.

மன்னிக்கச் சொல்லி எழுதவில்லை. நடந்தது உனக்குத் தெரிய வேண்டும் என்று எழுதினேன்.

சைக்கிள் விஷயத்தில் மட்டும் என் பேச்சைக் கேள். அதைப் பார்க்கப் பார்க்க உங்கள் இரண்டு பேருக்கும் வேதனைதானே.

உன் தம்பி


ஜூன் 11

தம்பிக்கு,

உன் கடிதத்தை எத்தனை தரம் படித்தேன் என்று கேட்காதே. மடிப்பு கிழிந்து டேப் ஒட்டியிருக்கிறேன்.

பதில் எழுத இரண்டு மாதம் ஆனது. உன்னை நினைத்தால் வயிறு எரிகிறது. உன்னிடமிருந்து வேறு கடிதம் வரவில்லை என்று தபால் பெட்டியைப் பார்த்துவிட்டுப் படியேறினால் அதற்கும் எரிகிறது. இதில் எது நிஜம் என்று எனக்கே பிடிபடவில்லை.

போன வாரம் ஒரு ஆள் லிஃப்டில் மாட்டிக்கொண்டார். பெரிய பதவி போல. "நான் யார் தெரியுமா? உன் வேலையைக் காலி பண்ணிடுவேன்" என்று குதித்தார். நானும் "சரிங்க சார், சரிங்க சார்" என்றேன். பத்து நிமிஷத்தில் உள்ளே விளக்கு போய்விட்டது. பிறகு மெதுவாக, "அம்மா, வெச்சிடாதீங்க" என்றார். நான் வைக்கவில்லை. நாற்பது நிமிஷம் பேசிக்கொண்டிருந்தோம். சட்டை பட்டனைக் கழற்றச் சொன்னேன், தரையில் உட்காரச் சொன்னேன், மகளைப் பற்றிக் கேட்டேன். திடீரென்று, "உங்க வீட்டுக்காரர் என்ன பண்றார்?" என்றார். "லிஃப்ட் மெக்கானிக்" என்றேன். இருந்தார் என்று சொல்ல வாய் வரவில்லை. "அப்ப அவரை அனுப்புங்களேன்" என்றார். இருட்டில் இருக்கிறவரிடம் என்ன சொல்வது? "வந்துகிட்டே இருக்கார்" என்று சொல்லிவிட்டேன்.

அவரை வெளியே எடுத்த பிறகு பாத்ரூமில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். திரும்பி வருவதற்குள் அடுத்த போன் அடித்தது. எடுத்தேன். இப்படித்தான் நாள் போகிறது.

காலையில் பதினாறு கூப்பிடுவார், பதினெட்டு கூப்பிடுவார், இருபத்து இரண்டு கூப்பிடுவார். பதினேழு கூப்பிடாது. இருபத்து மூன்றும் கூப்பிடாது. அந்த இரண்டு கட்டமும் நோட்டில் காலியாகவே இருக்கின்றன. நீ வேலையை விட்டது சரியில்லை என்று முதல் தடவையாகத் தோன்றியது. தோன்றியதற்காக என்மேலேயே கோபமும் வந்தது.

சைக்கிள் சைக்கிள் என்று ஏன் உயிரை வாங்குகிறாய்? சுண்டு அதைத் தொடுவதே இல்லை. எப்போது பார்த்தாலும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள். வரும் முதல் தேதி பத்து வயது ஆகிறது. அன்றைக்கு அதைத் துடைத்து எண்ணெய் போட்டு அவளை ஏற்றி உட்காரவைக்கப் போகிறேன். இந்த வீட்டில் ஒன்றாவது நகரட்டும்.

அக்கா


ஜூன் 20

அக்கா,

உன் கடிதம் கிடைத்தது. தயவுசெய்து சைக்கிளைத் தொடாதே. புதுச் சைக்கிளை நேற்றே பார்சலில் போட்டுவிட்டேன், பிறந்தநாளுக்குள் வந்துவிடும். நீல நிறம், முன்னால் கூடை வைத்தது. பழையதை எடுத்துப்போக எனக்குத் தெரிந்த ஒருத்தனை அனுப்புகிறேன். நீ கீழே இறங்கி வரக்கூட வேண்டாம், அவனே தூக்கிக்கொண்டு போவான்.

எதையும் கேட்கும் தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் கேட்கிறேன். இது ஒன்றை மட்டும் செய்.

என் நிலைமை அவ்வளவு நன்றாக இல்லை. காலையில் எழுந்து எதற்கு வேலைக்குப் போகிறோம் என்று தெரியவில்லை. இரண்டு நாள் போகவில்லை. எதிரே நின்று விரிப்புப் பிடிப்பவர் அறையைத் தேடி வந்து கதவைத் தட்டி, "நீ வரலைன்னா மறுபக்கம் யார் பிடிக்கிறது?" என்று கேட்டார். அவர் பேசி நான் கேட்ட நீளமான வாக்கியம் அதுதான். மறுநாள் போனேன்.

தம்பி


ஜூலை 3

தம்பி,

நீ அனுப்பிய ஆள் வந்தான். நான் திருப்பி அனுப்பிவிட்டேன். நான் எவ்வளவு பிடிவாதக்காரி என்று உனக்குத் தெரியும்.

பிறந்தநாளன்று காலையில் கீழே போனேன். சைக்கிளை இழுத்தால் வரவில்லை, பின் சக்கரத்தில் பூட்டு. சின்னச் சிவப்புப் பூட்டு. குனிந்து தூசியைத் துடைத்தேன். பதினேழு என்று நம்பர் வெட்டியிருந்தது.

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

நான்தான்டா. நான்தான் எடுத்தேன். அவர் போனதற்கு முந்தின நாள் சாயங்காலம் சுண்டு சைக்கிள் சாவியைத் தொலைத்துவிட்டு அழுதுகொண்டு வந்தாள். சைக்கிளைப் பூட்ட வழியில்லை, அந்த வாரம்தான் பக்கத்து வீட்டுச் சைக்கிள் திருடு போயிருந்தது. அவர் குளித்துக்கொண்டிருந்தார். பை கதவோரம் திறந்து கிடந்தது. உள்ளே சாவியோடு ஒரு பூட்டு. எனக்குப் பூட்டு என்றால் பூட்டு. எடுத்துக்கொண்டு போய்ப் போட்டேன். சாவியை அலமாரி டப்பாவில் போட்டேன். அவரிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். இராத்திரி சுண்டுவுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது, மறந்துபோனது. காலையில் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார். மதியம் ஆட்கள் வந்து சொன்னார்கள். அதற்குப் பிறகு எதுவுமே நினைவில் நிற்கவில்லை.

"என் பூட்டு, என் பூட்டு" என்று அவர் பெருமையாகச் சொல்லுவாரே, அது சுவிட்சோடு சேர்ந்த ஏதோ பெரிய சாமான் என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு தரமாவது காட்டச் சொல்லிப் பார்த்திருக்கலாம். தினமும் பத்துப் பேர் பூட்டு நம்பரை எழுதிக்கொள்கிறேன், பூட்டு எப்படி இருக்கும் என்று தெரியாமலே.

அவரை நான் இப்படி அனுப்பிவிட்டு, உன்னைக் கொலைகாரன் மாதிரி நடத்தியிருக்கிறேன்.

இரண்டு நாளாக வேலைக்குப் போகவில்லை. இன்று போனேன். "பயப்படாதீங்க" என்று ஒரு பெண்ணிடம் சொன்னேன். என் குரல்தானா என்று இருந்தது.

ஒன்று கேட்கிறேன், உண்மையைச் சொல். உனக்குத் தெரியும், இல்லையா? அதற்குத்தானே கடிதத்துக்குக் கடிதம் சைக்கிள், சைக்கிள் என்றாய்? மறைக்கத் தெரியாத மடையா.

அக்கா


ஜூலை 9

அன்புள்ள அக்கா,

தெரியும்.

எல்லாம் முடிந்த மறுநாள் உன்னைப் பார்க்க வந்தேன். நீ கதவைத் திறக்கவில்லை. இறங்கி வந்து கடைசிப் படியில் உட்கார்ந்தேன். கண் முன்னால் சைக்கிள். பதினேழு என்று பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விசாரணையில், "அவர் பூட்டு எங்கே இருந்தது?" என்று கேட்டார்கள். "தெரியாது சார்" என்றேன். அன்று நான் சொன்ன ஒரே பொய் அதுதான்.

அறுத்து எடுத்துவிடலாம் என்று, ஊரை விட்டுக் கிளம்பும் முன் ஒரு நாள் இரும்பு அறுக்கும் ரம்பத்தோடு வந்தேன். சுண்டு படியில் உட்கார்ந்திருந்தாள். "என்ன மாமா?" என்றாள். முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஒன்றும் சொல்லாமல் திரும்பிவிட்டேன்.

நீ என்னைத் திட்டியதெல்லாம் எனக்குத் தாங்கக்கூடியதாகத்தான் இருந்தது. உன்னை நீயே திட்டிக்கொள்வதைத்தான் என்னால் தாங்க முடியாது. என்மேல் கோபம் இருக்கும்வரை நீ எழுந்து நடமாடுவாய், சோறு பொங்குவாய், போனை எடுப்பாய் என்று நினைத்தேன். அது கணக்கு தப்பிய யோசனைதான். அந்த நேரத்தில் வேறு யோசனை வரவில்லை.

ஆனால் இதைக் கேட்டுக்கொள். நீ ஒரு பூட்டை எடுத்தாய், அவ்வளவுதான். பூட்டு இல்லை என்று தெரிந்தும் இறங்கினது அத்தான். தெரிந்தும் ஒத்துக்கொண்டது நான். சுவிட்சைத் தள்ளியதும் நான். அதை உன்னால் என்னிடமிருந்து வாங்கிக்கொள்ள முடியாது.

சுண்டுவுக்கு மட்டும் எதுவும் தெரிய வேண்டாம். அவள் தொலைத்த சாவியில் இது தொடங்கியது என்று அந்தக் குழந்தைக்கு ஒரு நாளும் தெரியக் கூடாது. பூட்டை எங்காவது ஆற்றில் போட்டுவிடு. நாம் இரண்டு பேரும் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும்.

உன் தம்பி


ஜூலை 21

அன்புள்ள தம்பி,

அவளுக்குத் தெரியும்.

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு ஒரு வாரம் யோசித்தேன். நீ சொன்னபடி வாயைத் திறக்காமல் இருந்துவிடலாம் என்றுதான் முடிவு செய்தேன். பூட்டைக் கழற்றி என் கைப்பையில் போட்டு, புதுச் சைக்கிளைப் படிக்குக் கீழே நிறுத்தினேன். நேற்று பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் பழைய சைக்கிளில் பூட்டைக் காணாமல் அப்படியே நின்றுவிட்டாள். மேலே வந்து என்னைப் பார்த்து, "அம்மா, நீ பார்த்துட்டியா?" என்றாள்.

எனக்குக் காட்டாத பூட்டை அவர் மகளுக்குக் காட்டியிருக்கிறார். நம்பரைத் தடவிப் பார்க்கச் சொல்வாராம். "இது தொங்குறவரைக்கும் அப்பா பத்திரம்" என்பாராம். காய்ச்சல் விட்டுக் கீழே போன முதல் நாளே அவள் அதைப் பார்த்துவிட்டாள். அன்றிலிருந்து எட்டு மாதமாக, நான் பார்த்துவிடக் கூடாது என்று தினமும் சாயங்காலம் அந்தப் படியில் உட்கார்ந்து காவல் காத்திருக்கிறாள். வெளியில் வர மாட்டேன் என்கிறாள், யாரோடும் விளையாட மாட்டேன் என்கிறாள் என்று நான் அவளைத் திட்டிக்கொண்டிருந்தேன். அவள் அங்கே உட்கார்ந்திருந்தது எனக்காக.

"நான் சாவியைத் தொலைச்சதாலதானேம்மா?" என்று கேட்டாள். பத்து வயது. எட்டு மாதம் இதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கிறாள்.

இல்லை என்றேன். பூட்டை எடுத்தது அம்மா என்றேன். பெரியவர்கள் நாங்கள் மூன்று பேரும் செய்த தப்பு, உன்னுடையது எதுவும் இல்லை என்றேன். இழுத்து மடியில் போட்டுக்கொண்டு திரும்பத் திரும்பச் சொன்னேன். பாதி நம்பினாள். வெகுநாள் கழித்து அவளும் நானும் ஒரே தட்டில் சாப்பிட்டோம். இரண்டு கவளம் அதிகமாகவே சாப்பிட்டாள்.

நீ என்னைக் காப்பாற்ற மறைத்தாய். அவளும் என்னைக் காப்பாற்ற மறைத்தாள். நான் ஒருத்திதான் உங்கள் இரண்டு பேர்மேலும் எரிந்து விழுந்துகொண்டு வாழ்ந்திருக்கிறேன். மன்னித்துவிட்டேன் என்று எழுத எனக்கு இன்னும் வரவில்லை, உன்னையும் சரி, என்னையும் சரி. அது வரும்போது வரட்டும்.

ஆனால் தூங்கப் போகும்போது அவள் இன்னொன்று கேட்டாள். அதற்கான பதிலை நீ வந்து சொல்ல வேண்டும். தபாலில் வேண்டாம். இந்தக் கடிதம் கையில் கிடைத்ததும் மறுபக்கம் பிடிப்பவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பி வா.

"மாமா ரம்பத்தோட வந்து என் சைக்கிளைப் பார்த்தாரும்மா. என்கிட்ட பேசாமலே போயிட்டார். என் மேல இருக்கிற கோவத்துலதான் ஊரைவிட்டே போயிட்டாரா?"

அக்கா